ஒன்னியின் பெயர் யார் முதுகில்

பல வருஷங்களாக ரஸ்ஸல் பென்ஹேல் என் அண்ணனை முதுகில் குத்திக்கொண்டு ஓடுகிறான். நான்கு ஊக்குகள், ஒரு வெள்ளைத் துணி, அதில் கொட்டைக் கறுப்பு எழுத்தில் ‘ஒன்னி கார்வோனென்’. என் அம்மா பெற்ற பிள்ளை, என் வீட்டுப் பெயர்; நான் அவன் தம்பி வெய்க்கோ. முதுகு மட்டும் பென்ஹேலுடையது.

எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? நான் உள்ளே போய் உட்கார்ந்தாலே போதும், கல்லைச் சூடாக்கி நாங்கள் ஃபின்லாந்து வம்சத்தார் வேர்த்துக் குளிக்கிற அறையான சவுனாவுக்கு விறகு வேண்டாம், கல் தானாகச் சிவந்துவிடும் என்கிறாள் என் மனைவி.

எங்கள் ஊர் பெல்டோலா அமெரிக்காவின் வட எல்லையில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கிறது. வருஷத்தில் பத்து மாதம் பனி, மீதி இரண்டு மாதம் கொசு. ஒவ்வொரு கொசுவும் ஒரு கோழி அளவு இருக்கும். அந்தக் கொசு மாதத்தில், ஜூலை நாலாம் தேதியை ஒட்டி வருகிற சனிக்கிழமை, போரில் இறந்தவர்களுக்காகக் காட்டுப்பாதையில் ஒரு மாரத்தான் நடக்கும். பழைய செம்புச் சுரங்கத்தின் வாசலில் ஆரம்பித்து, மலையெல்லாம் ஏறி இறங்கி, ஏரிக்கரை மைதானத்தில் முடியும். முன்னாள் படைவீரர் மன்றம் நடத்துகிறது. ஓடுகிற ஒவ்வொருவர் முதுகிலும் இறந்த ஒருவரின் பெயர் இருக்கும். ஒரு பெயருக்கு ஓர் ஆள்தான். முடிவில் ஒரு பழைய கப்பல் மணி தொங்கும். அதை ஒரே ஒரு தடவை அடித்து, சுமந்து வந்த பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் அப்படி ஓடி முடித்துக்கொண்டிருக்கும்வரை அந்தப் பெயர் அவருக்கே சொந்தம்.

முதலில் வருகிறவனுக்கு எங்கள் ஊரில் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்து ஓரமாகப் போகச் சொல்வார்கள். கடைசியில் வருகிறவனுக்குத்தான் எல்லாம். எவனையும் பின்னால் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது படைக்காரர்களின் வழக்கம். அதனால் கடைசி ஆள் வந்து சேரும்வரை ஒருத்தரும் மைதானத்தைவிட்டு நகரமாட்டார்கள். அவன் வந்ததும் ஊரே எழுந்து நிற்கும். ஊதுகொம்பு ஒலிக்கும். மைக்கை அவன் கையில் கொடுப்பார்கள். தான் சுமந்து வந்த வீரனைப் பற்றி அவன் பேசலாம்.

ஆனால் கடைசி ஆளுக்கும் பின்னால் ஐலா வருவாள். ஓய்வுபெற்ற நர்ஸ். கையில் ஒரு துடைப்பம், துடைப்பத்தில் ஓர் ஆட்டுமணி. கடிகாரம் மாதிரி ஒரே வேகத்தில் நடப்பாள். அவள் துடைப்பம் நம்மைத் தாண்டிவிட்டால் முடிந்தது கதை. லாரியில் ஏற்றிவிடுவார்கள். மணியும் கிடையாது, பெயரும் கையைவிட்டுப் போய்விடும்.

ரஸ் ஒவ்வொரு வருஷமும் துடைப்பத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்து சேருவான். தற்செயல் என்கிறான். எழுபத்தாறு வயது ஆள், பாதையோரத்தில் காட்டுப்பூவை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன். தற்செயலாம்!

வந்ததும் மைக்கைப் பிடிப்பான். அவனும் என் அண்ணனும் ஒரே வகுப்பு. ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து, ஒரே விமானத்தில் வியட்நாம் போனவர்கள். திரும்பியது இவன் மட்டும். அப்போது எனக்குப் பதினாலு வயது. “ஒன்னி மழையில நனைஞ்சுக்கிட்டே ஃபின்னிஷ் பாட்டுப் பாடுவான். ராத்திரி முழுக்க எங்களைத் தூங்க விடாம காப்பாத்தினான்” என்று இவன் சொன்னால் கூட்டம் மூக்கைச் சிந்தும். சிந்துகிற சத்தம் கனடாவுக்குக் கேட்கும். நான் ஓரத்தில் நின்றுகொண்டிருப்பேன். ஒன்னி பாடுவானா? எங்கள் லூத்தரன் கோவில் பாடகர் குழுவிலிருந்து அவனை விரட்டிவிட்டார்களே! அவன் பாடினது எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? என் அண்ணனிடம் எனக்குத் தெரியாத ஒரு வருஷம் இருந்தது. அதை முழுசாக இவன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு சிட்டிகை வெளியே எடுக்கிறான்.

பெயர் இவனிடம் போனது எப்படி என்றால், மாரத்தான் தொடங்கிய முதல் வருஷம் குளிர்காலத்தில் நான் கூரைப் பனியைத் தள்ளப் போய், பனியோடு சேர்ந்து நானும் விழுந்து, காலில் கட்டோடு படுத்திருந்தேன். எழுந்து வருவதற்குள் இவன் வாங்கிவிட்டான். எனக்குக் கிடைத்தது ஜினா பெர்டோலி. அடுத்த தெருப் பெண், இராணுவ மருத்துவ உதவியாளராகப் போய் இறந்தவள். நான் பனி அள்ளும் வண்டி ஓட்டிய காலத்தில், ஒதுக்கிவைத்த பனிமேட்டில் சறுக்கி விளையாடி என்னிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட குட்டி. நல்ல பெயர்தான், குறை சொல்லவில்லை. ஆனாலும் நம் வீட்டுக் குழந்தை பக்கத்து வீட்டுக்காரன் தோளில் ஏறித் தேர் பார்க்கிற மாதிரி ஓர் எரிச்சல்.

இந்த வருஷம் ஒரு முடிவோடு கிளம்பினேன். ரஸ்ஸை ஐலாவிடம் மாட்டிவிட வேண்டும். பெயர் கைமாறினால் குடும்பத்துக்குத்தானே வரும்? அடுத்த ஜூலையில் ஒன்னி என் முதுகில்.

வழி எனக்குத் தெரியும். ரஸ்ஸால் நடக்கவும் முடியும், வாதாடவும் முடியும். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. வாதம் வந்தால் நின்றுவிடுவான். அவன் வம்சம் இங்கிலாந்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்த கார்ன்வால் வம்சம். மாவுக்குள் கறியை மடித்துச் சுடுகிற பாஸ்டி என்றால் அவர்களுக்கு வேதம்.

முதல் ஏற்றம் முடிந்ததும் ஆரம்பித்தேன். “ரஸ், நேத்து எங்க வீட்டுல பாஸ்டி.”

“நல்லது.”

“காரட் போட்டு.”

நின்றுவிட்டான். பின்னால் வந்த இளவட்டங்கள் இரண்டு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

“என்ன போட்டு?”

“காரட்.”

“டேய் பொடியா, அதுக்குப் பேரு பாஸ்டி இல்ல. முயல் தீனி.” எழுபது வயதிலும் நான் அவனுக்குப் பொடியன்தான். “மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப். அவ்ளோதான். மாவை மடி, ஓரத்தை முறுக்கு, அடுப்புல வை. எங்க தாத்தா இதைத்தான் சுரங்கத்துக்குள்ள கொண்டுபோனாரு.”

“உங்க தாத்தாவுக்குக் காரட் வாங்க வக்கில்லயோ என்னவோ.”

ஒரு மைல் தூரம் நடந்திருக்க வேண்டிய நேரம் முழுவதும் அந்த இடத்திலேயே நின்று கத்தினான். நான் ஒரு மரத்தில் சாய்ந்துகொண்டு, அக்கறையாகத் தலையை ஆட்டிக் கேட்டேன். அவன் மறுபடி நடக்கத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் அடுத்ததைப் போட்டேன்.

“மேல கிரேவி ஊத்திக்கிட்டேன்.”

அடடா! அந்த மலையில் வெடி வைத்துச் செம்பு எடுத்த காலத்தில்கூட அவ்வளவு சத்தம் கேட்டிருக்காது. மான்கள் ஏரியில் குதித்து அக்கரைக்கு நீந்திப் போய்விட்டன.

இப்படியே தின்றோம் நேரத்தை. பாதி தூரம் தாண்டியபோது பின்னால் யாரும் இல்லை. வெயில் ஏறிவிட்டது. ரொம்ப தூரத்தில், காதைத் தீட்டிக்கொண்டால் மட்டும் கேட்கிற மாதிரி, ஓர் ஆட்டுமணி.

அடுத்தது மௌனப் பாதை. அங்கே பாதையின் இரண்டு பக்கமும் கழி நட்டு, இறந்தவர்களின் படங்களை மாட்டியிருப்பார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சின்னக் கொடி. அங்கே யாரும் வாய் திறக்கக்கூடாது, வாதமும் கிடையாது. ஜினாவின் படத்துக்குப் பக்கத்தில் அவள் அம்மா டெல்ஃபினா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, என் முதுகுத் துணியின் ஒரு மூலை மடங்கியிருந்ததை நீவிவிட்டாள். மணியடிக்கும்போது எதிரே நிற்பதற்காகக் குறுக்குப் பாதையில் மைதானத்துக்குக் கிளம்பினாள். ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

கொஞ்சம் தள்ளி ஒன்னி. பெரிய தொப்பி, அதைவிடப் பெரிய காது. இருபது வயது. ரஸ் அதன் முன்னால் நின்று சல்யூட் அடித்தான். பிறகு குனிந்து படத்தின் காதருகே என்னவோ முணுமுணுத்தான். சிரித்தான் வேறு! மௌனப் பாதையில், என் அண்ணனிடம், என் எதிரே ரகசியம்! நான் கழுத்தை நீட்டின நீட்டில் கொக்குக்குக்கூட வெட்கம் வந்திருக்கும். ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. ஐயோ, அந்த நிமிஷத்தில் இவனைத் தூக்கி ஐலாவின் துடைப்பத்திலேயே சொருகியிருப்பேன்.

படங்களைத் தாண்டியதும் கேட்டேன். “அவன்கிட்ட என்ன சொன்ன?”

“அது எங்களுக்குள்ள.”

“எங்க அண்ணன்யா அவன்.”

“தெரியும் பொடியா. ரெண்டு பேருக்கும் ஒரே காது.”

கடைசி ஏற்றத்துக்குக் கழுகுப் பாறை என்று பெயர். பாதி ஏறியதும் ரஸ் ஒரு பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். முகம் வேகவைத்த நண்டு மாதிரி இருந்தது. ஆட்டுமணி இப்போது காதைத் தீட்டாமலே கேட்டது. என் மனசு ஜங்கு ஜங்கென்று ஆடியது. வந்தாயா வழிக்கு!

“போதும்டா. லாரி வரட்டும், ஏறிக்கறேன்” என்றான்.

“அதுவும் சரிதான். உடம்பைப் பாத்துக்க” என்றேன், பாயசம் மாதிரி ஒரு குரலில். “பேரைப் பத்திக் கவலப்படாத. குடும்பத்துல நான் இருக்கேன்ல.”

ரஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். “உனக்கு எப்படி வரும்?”

“பின்ன யாருக்கு வரும்?”

“பிப்ரவரி கூட்டத்துல நீ எங்க இருந்த?”

எங்கே இருப்பேன்? உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, தூண்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். பெல்டோலாவில் பிப்ரவரியில் கூட்டம் வைத்தால் எந்த மானமுள்ள ஃபின்காரன் வருவான்?

“சட்டத்தை மாத்திட்டாங்கடா. குடும்பம் கிடும்பம்லாம் இல்ல. லாரில ஏறினவன் பேரு பழைய இரும்புத் தொப்பிக்குள்ள போயிடும். அடுத்த வருஷம் குலுக்கல். அந்தப் பல் டாக்டர் இப்பவே ஒன்னியைத்தான் குறி வச்சிருக்கான்.”

பல் டாக்டர்! டெட்ராய்ட்டிலிருந்து வந்து ஏரிக்கரையில் வீடு வாங்கியவன். பளபளவென்று பல்லைக் காட்டுவான். பாஸ்டியைக் கத்தியாலும் முள்கரண்டியாலும் வெட்டித் தின்பான். அந்த வாயிலிருந்து ‘ஒன்னி கார்வோனென்’ என்று வருமா? பென்ஹேலைப் பார்த்துப் பொறாமைப்பட்டாவது நான் வாழ்ந்துவிடுவேன். பல் டாக்டரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு நான் இன்னும் தாழ்ந்துவிடவில்லை.

“யோவ் ரஸ், எந்திரி!”

“முடியலடா.”

“எந்திரிய்யா! காரட்டே போடல. சத்தியமா. பொய் சொன்னேன்.”

“தெரியும். உன் பொண்டாட்டிக்குக் காரட் பிடிக்காது.” நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டான். “கத்தறதுக்கு நல்லா இருந்துச்சு, அதான் கத்தினேன்.”

கீழே வளைவில் துடைப்பத்தின் தலை தெரிந்தது. ஐலா கூப்பிட்டாள். “கிழங்களா, வந்துக்கிட்டே இருக்கேன்! எனக்கு அண்ணன் தம்பி, மச்சான் மாமன் யாரும் கிடையாது! தாண்டினா தாண்டினதுதான்!”

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. ரஸ்ஸின் பின்னால் போனேன். துணியைப் பிடித்து ஒரே இழுப்பு. நான்கு ஊக்குகளும் நான்கு திசையில் பறந்தன. ஒன்னியைக் கையில் சுருட்டிக்கொண்டு மேலே ஓடினேன்.

பின்னால் ஒரு கர்ஜனை. “டேய்! திருட்டுப் பயலே! குடுடா அவனை!”

திரும்பிப் பார்த்தால், முடியவில்லை என்று உட்கார்ந்திருந்த ஆள் பாறைக்குப் பாறை தாவி வருகிறான்! அறுவை செய்து புது முட்டி வைத்த கால் என்று யாரும் நம்பமாட்டார்கள். எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டான். நான் வேகத்தைக் கூட்டினேன். என் வாழ்நாளில் முதல்முறையாக அந்த மாரத்தானை நான் ஓடினேன். அதுவரை செய்ததெல்லாம் நடைதான், மரியாதைக்கு ஓட்டம் என்று சொல்லிக்கொள்வது.

“நில்லுடா பொடியா! உன் காதைப் பிடுங்கி ஏரியில போடறேன்!”

“எடுத்துக்க! அவன் காதும் இதேதான்னு நீதான சொன்ன!”

இறக்கத்தில் உருண்டோம், ஓடையில் விழுந்தோம், எழுந்தோம். ஐலாவுக்கு அன்றைக்குச் சிரித்துச் சிரித்து நடை தளர்ந்துபோனதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவள் மறுக்கிறாள்.

மரங்கள் விலகின. ஏரி, மைதானம், கூட்டம். மணியின் கீழே வந்து நின்றேன். முதுகில் ஜினா, கையில் ஒன்னி.

மன்றத் தலைவர் கயிற்றை நீட்டினார். “ரெண்டு பேரு கொண்டு வந்திருக்க. மணி ஒரு தடவைதான், வெய்க்கோ. யாருக்கு?”

இத்தனை வருஷம் வயிறு எரிந்தது இந்தக் கயிற்றுக்காகத்தான். ஒன்னி என்று வாய்வரை வந்துவிட்டது. எதிரே டெல்ஃபினா நின்றிருந்தாள். இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் வாயையே பார்த்தாள். அவள் மகளின் பெயரை ஊர் கேட்க ஒருத்தர் சொல்வது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். அந்தப் பார்வைக்கு எதிரே எந்தப் பொறாமைக்காரனும் நின்றுவிட முடியாது. நான் முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

மணியை அடித்தேன். “ஜினா பெர்டோலி!”

அப்போதுதான் ரஸ் வந்து விழுந்தான். விழுந்தவன் எழுந்து, என் கையிலிருந்த துணியைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணியை அடித்தான். இரண்டு அடி தள்ளி ஐலாவின் துடைப்பம். ஊரே எழுந்து நின்றது. கொம்பு ஊதி முடிந்தது. மைக்கை அவன் கையில் கொடுத்தார்கள்.

எப்போதும் போல இவனே பேசப்போகிறான் என்று நான் ஓரத்துக்கு நகர்ந்தேன்.

ரஸ் வாயைத் திறந்தான். “ஒ...” என்றான். அதற்குமேல் வரவில்லை. புஸ் புஸ்ஸென்று மூச்சுத்தான் வந்தது. பழைய ரயில் இன்ஜின் ஏற்றத்தில் நின்றுபோனது மாதிரி மைக்கில் அந்தச் சத்தம் மட்டும் மைதானம் முழுக்கக் கேட்டது. மறுபடி முயன்றான். புஸ். கூட்டம் காத்திருந்தது. அவன் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தான். பார்வையாலேயே என்னைக் கொன்று, புதைத்து, மேலே புல்லும் நட்டான். பிறகு மைக்கை என் நெஞ்சில் குத்தினான். சொல்லித் தொலை என்று அர்த்தம்.

அவன் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் பேசிவிட வேண்டும். யோசிக்க நேரமில்லை.

“ஒன்னி கார்வோனென்” என்றேன். என் குரலில் அந்தப் பெயர் மைதானத்தில் அலைந்து திரிந்து ஏரிக்குப் போயிற்று. “என் அண்ணன். யாருக்கும் பயப்படாதவன்னு ரஸ் உங்ககிட்ட சொல்லியிருக்கான். வாஸ்தவம். மனுஷனுக்குப் பயப்படமாட்டான். வௌவாலுக்குப் பயப்படுவான்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“ஒரு குளிர்காலம் எங்க சவுனாவுக்குள்ள ஒரு வௌவால் வந்திடுச்சு. இவன் உள்ள, அம்மணமா. கதவை உடைச்சுக்கிட்டு வெளிய ஓடினான் பாருங்க. கழுத்து வரைக்கும் பனி. தெருவுக்குள்ள ஓடுறான், நான் துண்டை எடுத்துக்கிட்டுப் பின்னாலயே ஓடுறேன். திரும்பற முனையில பாதிரியார் சம்சாரம், கையில காப்பி கேக்கோட. இவன் என்ன பண்ணான்? அந்தக் கேக்கை வாங்கி முன்னால மறைச்சுக்கிட்டு, ‘வணக்கம்மா, குளிர் அதிகமா இருக்கு’ன்னான். அந்தம்மா பதில் வணக்கம் சொல்லிட்டு, கேக்கை மட்டும் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க!”

பனி முழங்கால் வரைக்கும்தான் இருந்தது. கேக்கை அந்த அம்மாள் திருப்பிக் கேட்டதாகவும் எனக்கு நினைவில்லை. அதனாலென்ன, ஊர் உருண்டது. ஊதுகொம்புக்காரப் பையன் கொம்புக்குள்ளேயே சிரித்து, அது வாத்து மாதிரி கத்தியது. டெல்ஃபினா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அந்த மைதானத்தில் ஊர் அழாமல் ஒன்னியின் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ரஸ் மட்டும் சிரிக்கவில்லை. மூச்சு திரும்பிவிட்டது. துணியைக் கையில் பிசைந்துகொண்டு என் பக்கத்தில் வந்தான்.

“நிஜமாவா?”

“ஆமா.”

“வியட்நாம்ல வௌவால் மண்டையளவுக்கு இருக்கும். கூட்டம் கூட்டமாத் தொங்கும். ஒரே பதுங்குகுழில அத்தனை மாசம் ஒட்டிப் படுத்துக் கிடந்தோம். ஒரு தடவைகூட எங்கிட்ட சொல்லலியே அவன்.”

“அது எங்களுக்குள்ள” என்றேன்.

“இன்னும் என்னல்லாம் வச்சிருக்க?”

“நிறைய இருக்கு.”

“சொல்லு.”

“அடுத்த ஜூலையில கேட்டுக்க. மைக்கு என் கையில இருந்தா.”

ரஸ் துணியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானும் போட்டுக்கொண்டான். கொடுப்பதாக இல்லை. ஆனால் மூக்கு விடைத்திருந்தது, உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, காதோரம் சிவந்து போயிருந்தது. அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்த்து வருகிறேன்.